கொழுந்துக்குரலும் மடுவத்து மணியும்

எனக்குக் கோபம் வந்தால் வாய்க்கு முன்னால் விரல் ஓடிவிடும். திட்டுவதற்கு வார்த்தை தேடும் நேரத்தில் விசைப்பலகையில் நாலு கட்டளை அடித்து முடித்திருப்பேன். அதில் இரண்டு தப்பாக இருக்கும். அதனால் அந்த வெள்ளிக்கிழமை காலை மடுவத்துக்குள் நுழையும்போதே, இன்று யார் என்ன சொன்னாலும் கோபப்படுவதில்லை என்று எனக்கு நானே சத்தியம் செய்திருந்தேன். உள்ளே தோட்ட ஆபீசின் பெரிய கிளாக்கர் கணேசமூர்த்தி ஐயா கணினிக்கு மாலை போட்டு, திரையின் நட்டநடுவில் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். சத்தியத்தில் பாதி அங்கேயே போய்விட்டது.

மடுவம் என்பது எங்கள் பக்கம் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகை. மலையில் கொய்த கொழுந்தைப் பெண்கள் மூட்டை மூட்டையாக இறக்கிக்கொண்டு வருவார்கள். தராசில் வைப்பார்கள். எத்தனை கிலோ என்று தராசடியில் நிற்பவர் சொல்வதுதான் முடிவு. தராசில் எண் ஓடத்தான் செய்யும், ஆனால் அது எப்போதும் அவர் பக்கமாகவே திரும்பியிருக்கும். நான் எழுதிய நிரலின் பெயர் கொழுந்துக்குரல். தராசையும் கணினியையும் ஒரு வயரால் இணைத்துவிட்டால், மூட்டை ஏறியதும் எடை என்ன, சாக்குக் கழிவு என்ன, மீதி என்ன என்று ஒலிபெருக்கியில் தமிழில் உரக்கச் சொல்லும். சொன்ன நேரத்தையும் சேர்த்துப் பதிந்து வைக்கும்.

துரை எனக்கு ஒரே ஒரு வாய்ப்புத் தந்திருந்தார். துரை என்றால் வெள்ளைக்காரர் இல்லை, எங்கள் தோட்ட மேனேஜர்தான். காலம் மாறினாலும் அந்தப் பெயர் மட்டும் மாறவில்லை. இன்றைய மத்தியானக் கொழுந்தை என் நிரல் ஒழுங்காகச் சொல்லிவிட்டால், தோட்டத்தின் எல்லா டிவிஷன் மடுவங்களிலும் அதை நிறுவிப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. சொல்லாவிட்டால் கொழும்புக் கம்பெனி ஒன்றின் இயந்திரத்தை வாங்கப் போகிறார். நான் திங்கட்கிழமை கொழும்பு பஸ் ஏற வேண்டும். அங்கே எனக்கு ஒரு வேலை தயாராக இருந்தது. ஏற்கெனவே ஒரு வருடம் அங்கே போர்டிங் அறையில் வெந்து, குளிரில் போர்த்திக்கொண்டு தூங்குவதற்காகவே ஊர் திரும்பியவள் நான். எனக்குப் போக விருப்பமில்லை. எங்கள் தோட்டம் இருக்கும் பொகவந்தலாவையிலேயே இருக்க வேண்டும், நான் செய்த பொருள் வரிசை வீடுகளில் என்னோடு வாழும் என் லயத்து ஆட்களுக்குப் பயன்பட வேண்டும். அன்று எனக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

"நிலக்ஷி புள்ள, எல்லாம் தயாரா?" என்றார் கிளாக்கர் ஐயா.

"தயாருங்க ஐயா. தொரை வந்தா ஒரு வரி அடிக்கணும், அவ்வளவு தான்."

"ஒரே ஒரு வரியா?" அவருக்கு ஏமாற்றமாக இருந்தது. தேங்காய், கற்பூரம், வாழைப்பழம், ஊதுபத்தி என்று இவ்வளவு ஏற்பாட்டுக்கு ஒரே வரிதானா என்று நினைத்திருப்பார்.

ஆனால் அந்த ஒரு வரிக்காக நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. சிலர் நிரலைக் கோப்பு கோப்பாகக் கொண்டுபோய்க் கணினிக்குள் கொட்டிவிட்டுப் போய்விடுவார்கள். எது எங்கே கிடக்கிறது என்று அடுத்த மாதம் கொட்டியவருக்கே தெரியாது. அப்படிப்பட்டவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. லினக்ஸ் கணினிக்கு எதைக் கொடுத்தாலும் பொதியாகக் கட்டித்தான் கொடுப்பேன். உள்ளே என்னென்ன இருக்கிறது, எத்தனையாவது பதிப்பு, யார் பொறுப்பு எல்லாம் பொதியின் மேலே எழுதியிருக்கும். கடைசியில் என் டிஜிட்டல் கையொப்பம். கையொப்பமிட்ட நேரமும் அதிலேயே பதிந்துவிடும். அப்புறம் எந்த மடுவத்திலும் ஒரு வரியில் நிறுவலாம், ஒரு வரியில் கழற்றலாம். பொறுப்பாளர் என்ற இடத்தில் என் பெயரை அடித்த அன்று, திரையைப் பார்த்து நான் தனியாகச் சிரித்தேன்.

கிளாக்கர் ஐயா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "அது என்ன, ஒவ்வொரு வரிக்கும் முன்னால சூடோ சூடோன்னு அடிக்கிற?"

"தொரை சொல்லி அனுப்பினாருன்னு சொல்ற மாதிரிங்க ஐயா. அதப் போட்டாத்தான் மிசின் மறுபேச்சு பேசாம செய்யும்."

"அப்ப இது நம்ம தோட்டத்து மிசின் தான்," என்றார் அவர், பூரண திருப்தியோடு. "அது சரி, எடுத்த எடுப்புலயே பதினாலு கிலோ, பதினஞ்சு கிலோன்னு கத்துமா? ஒரு வணக்கம் சொல்ல வேணாமா?"

"அது நிறுக்குறதுக்குத்தானே ஐயா..."

"எதுக்கா இருந்தா என்ன? கோயில் கமிட்டித் தலைவர் நானு, என் மடுவத்துல ஒரு சாமான் மரியாத இல்லாம பேசலாமா? தொரை வாறதுக்குள்ள சேத்துரு."

சத்தியத்தின் மிச்சப் பாதியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மடிக்கணினியைத் திறந்தேன். கைபேசியில் ஒரு வணக்கத்தைப் பதிந்தேன். பொதியை மறுபடி கட்டினேன். மறுபடி கையொப்பமிட்டு பென் டிரைவில் ஏற்றினேன். மடுவத்தில் இணையம் கிடையாது. சிக்னல் வேண்டும் என்றால் மேலே ரோட்டு வளைவுக்கு ஏற வேண்டும். அதனால் எல்லாமே பென் டிரைவ் வழிதான். முடித்தபோது பத்து மணி தாண்டிவிட்டது.

ஒன்பதரைக்கு வருவதாகச் சொன்ன துரை அப்போதும் வரவில்லை. கிளாக்கர் ஐயா வாசலுக்கும் கணினிக்கும் நடந்துகொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம் பிடிக்கும், பன்னிரண்டு மணிக்குத்தான் விடும். அதற்குள் விளக்கேற்றிவிட வேண்டும் என்பது அவர் தவிப்பு.

"ஏதோ லொறி ரோட்ட மறிச்சிக்கிட்டு நிக்குதாம், தொரைங்க ஜீப்பு அதுக்குப் பின்னால நிக்குதாம்," என்று வாசலில் யாரோ சொல்லிவிட்டுப் போனார்கள். ஐயா தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் தவிப்பைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. பைப்படிக்குப் போய் முகம் கழுவினேன். பக்கத்து லயத்தில் பால் இல்லாத ஒரு பிளேன்டி வாங்கிக் குடித்தேன். திரும்பி வரும்போது ஐயா முக்காலியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். முகத்தில் தவிப்பு போய் ஒரு தெளிவு வந்திருந்தது. கோயில் நம்பிக்கை மனிதனுக்கு எவ்வளவு நிம்மதி தருகிறது என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

துரை பதினொரு மணியளவில் வந்து சேர்ந்தார். சிங்களவர், ஆனால் எங்களைப் போலவே தமிழ் பேசுவார். அவசரத்தில் மட்டும் சிங்களம் வரும். கையில் கொழும்புக் கம்பெனியின் பளபளக்கும் கையேடு இருந்தது. ஐயா கற்பூரம் காட்டினார், தேங்காய் உடைத்தார். தேங்காய்த் தண்ணீர் விசைப்பலகை மேல் தெறிக்காமல் நான் குறுக்கே விழுந்து காப்பாற்றினேன்.

"ம், போடு," என்றார் துரை.

பென் டிரைவைச் செருகினேன். புதிய பொதிகள் என்னென்ன வந்திருக்கின்றன என்று முதலில் கணினி பார்க்க வேண்டும், அப்புறம் நிறுவ வேண்டும். இரண்டையும் ஒரே வரியில் அடித்து எண்டரைத் தட்டினேன்.

கணினி மறுத்துவிட்டது. சந்தனப் பொட்டுக்குக் கீழே சிவப்பு எழுத்து வந்து நின்றது.

மறுபடி அடித்தேன். மறுபடி அதே சிவப்பு. பென் டிரைவைப் பிடுங்கித் திரும்பச் செருகினேன். கையொப்பச் சாவி மாறிவிட்டதோ என்று சரிபார்த்தேன், சாவி சரி. அவசரத்தில் பொதியைத் தப்பாகக் கட்டிவிட்டேனோ என்று திறந்து பார்த்தேன், பொதியும் சரி. நெற்றியில் வியர்த்தது. பொகவந்தலாவைக் குளிரில் வியர்ப்பதென்றால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று இங்கே இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

"மொகத மே?" என்றார் துரை, என்ன இது என்று சிங்களத்தில். பிறகு தமிழில், "வேல செய்யலியா?"

"ஒரு நிமிசம் சார்."

"நான் ஹட்டன் டவுனுக்குப் போகணும் நிலக்ஷி. கொழுந்தும் வரப் போவுது. முடியலன்னா பரவால்ல, சொல்லு." கையேட்டை விரித்தார். அதில் கோட்டு போட்ட ஒருவர் தராசைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பை அப்படியே கிழித்துப் போடலாம் போல வந்தது எனக்கு.

அப்போதுதான் சிவப்பு எழுத்தை முழுதாகப் படித்தேன். கோபக்காரர்கள் பிழைச் செய்தியைப் பார்ப்பார்கள், படிக்கமாட்டார்கள். நான் அந்த ஜாதி. அதில் தெளிவாகவே எழுதியிருந்தது: இந்தப் பொதிப் பட்டியல் இன்னும் செல்லுபடியாகவில்லை; இன்னும் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குச் செல்லுபடியாகாது.

இன்னும் ஒரு மணி நேரத்துக்கா? நான் அதைக் கையொப்பமிட்டே முக்கால் மணி நேரம் ஆகிவிட்டதே. திரையின் மூலையைப் பார்த்தேன். கணினியில் மணி ஒன்பதே கால். சுவரைப் பார்த்தேன். சுவர்க் கடிகாரத்திலும் ஒன்பதே கால். என் கைபேசியில் பதினொன்று தாண்டியிருந்தது. கணினியின் கணக்கில் என் கையொப்பம் இனிமேல்தான் போடப்படப் போகிறது. இனிமேல் போடப் போகும் கையொப்பத்தை எந்த மானமுள்ள கணினியும் ஏற்காது. இணையம் இருந்திருந்தால் அதுவாகவே நேரத்தைத் திருத்தியிருக்கும். இங்கே அதுவும் இல்லை.

நான் மெல்லத் திரும்பினேன். கணேசமூர்த்தி ஐயா ஊதுபத்தியை மிகுந்த கவனத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் கணினியின் கடவுச்சொல் தெரிந்த இன்னொரு ஆள் அவர்தான்.

"ஐயா," என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு, மெதுவாக. "மிசின்ல மணியத் திருப்புனீங்களா?"

அவர் என் காதருகே குனிந்தார். "ஒனக்காகத்தான் புள்ள. இதுக்கு முன்னால வந்த மிசினுங்க எல்லாம் ராகுகாலத்துல தொடங்கித்தான் செத்துப்போச்சு. ஒன்னோடது நெலைக்கணும். ஒங்கம்மா பாவம், நீ கொழும்புக்குப் போறன்னு அழுதுகிட்டு கெடக்கு."

ஏசுவதற்காகத் திறந்த என் வாய் அப்படியே மூடிக்கொண்டது. எனக்கு அழுகை வந்தது. இந்த மனிதர் என் வேலையைக் கெடுத்தது என் மேல் வைத்த அன்பினால். இவரை நான் எப்படித் திட்டுவது?

இதிலிருந்து தப்ப எனக்கு ஒரு குறுக்குவழி தெரியும். தேதியைப் பார்க்காதே என்று கட்டளையில் ஒரு சொல் சேர்த்தால் கணினி கண்ணை மூடிக்கொண்டு பொதியை ஏற்றுக்கொள்ளும். யாருக்கும் தெரியாது. ஐயாவுக்கும் சங்கடமில்லை, எனக்கும் வேலை. விரல் அந்தச் சொல்லைப் பாதி அடித்தும்விட்டது. ஆனால் அப்படிச் செய்தால் மத்தியானக் கொழுந்து முழுவதும் காலைக் கொழுந்தாகப் பதியும். நாளைக்கே ஒருத்தி, என் மத்தியான மூட்டை எங்கே என்று கேட்பாள். அதற்கப்புறம் இந்தக் குரலை ஒருத்தரும் நம்பமாட்டார்கள். உண்மை சொல்லத்தான் இதைச் செய்தேன். முதல் நாளே இதற்குப் பொய் சொல்லிக் கொடுப்பதா? அடித்த பாதியை அழித்தேன்.

"சார், மணி தப்பு. திருத்தணும்," என்றேன் உரக்க.

துரை தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கணினியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "யார் மாத்தினது?"

"மிசினுக்குள்ள பட்டறி போயிருக்கும் சார்," என்று நான் ஆரம்பிக்கும்போதே ஐயா முன்னால் வந்துவிட்டார்.

"தொரைங்க கோவிச்சுக்கக் கூடாது. நான் தாங்க திருப்பினேன். தொரைங்க பிந்தி வாற நாளெல்லாம் செவுத்து மணியத் திருப்புறது தாங்க வழக்கம். கோயில் பூசைக்கு, கொடியேத்துறதுக்கு, புது லொறி எடுத்ததுக்கு, எல்லாத்துக்கும் அப்பிடித்தான். இன்னைக்கு பூசையே மிசினுக்கு. அதுக்கும் நல்ல நேரம் தெரியணுமேன்னு அதையும் திருப்பிட்டேங்க."

துரைக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. நான் அதற்குள் கணினியின் மணியைச் சரியாக்கினேன். பட்டியலைப் படிக்கச் சொன்னேன்; சமர்த்தாகப் படித்தது. நிறுவும் வரியை அடித்து, எண்டரில் விரலை வைத்தேன். ஐயா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் புள்ள. சுத்தமான ராகுகாலம். பன்னெண்டு மட்டும் பொறு."

"தொரை போயிருவாரு ஐயா!"

"அதுக்காக? ராகுகாலத்துல பொறந்ததுன்னு தெரிஞ்சா பொம்பளைங்க ஒருத்தியும் இதுல மூட்டைய வைக்கமாட்டாளுங்க."

அதுவும் உண்மைதான். மத்தியானக் கொழுந்தோடு பெண்கள் அதற்குள் வந்து வாசலில் மூட்டைகளை இறக்கிவிட்டார்கள். ஐயா சொன்னது பாதிப் பேருக்கு மேல் காதில் விழுந்தும்விட்டது. ராகுகாலம் என்ற சொல் வரிசையில் கடைசி ஆள்வரைக்கும் போவது என் கண்முன்னே தெரிந்தது.

வரிசையின் முன்னால் நின்ற மார்கிரட் அக்கா, எங்கள் பக்கத்து வீட்டுக்காரி, மூட்டையைத் தள்ளிவிட்டு உள்ளே வந்தார். "என்ன நிலா, முழிச்சிக்கிட்டு நிக்கிற?"

"எண்டர அமுக்கணும் அக்கா. ராகுகாலமாம், ஐயா விடமாட்டேங்குறாரு."

"அவ்வளவு தானா? தள்ளு. எனக்கு வெள்ளிக்கிழமைன்னா எறச்சி தான் ஆகாது. ராகுகாலமெல்லாம் எங்க மாதா கோயில்ல கெடையாது." நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டு, கொழுந்துக் கறை படிந்த விரலால் எண்டரை ஓங்கி ஒரு குத்துக் குத்தினார்.

ஐயா யோசித்தார். அவருடைய சட்டத்தில் இதற்குத் தடை எதுவும் இல்லை போலும், மணிக்கட்டை விட்டுவிட்டார். திரையில் வரிகள் ஓடின. ஒலிபெருக்கி ஒருமுறை கரகரத்தது. மார்கிரட் அக்காவின் மூட்டை தராசில் ஏறியது.

"வணக்கம்," என்றது கொழுந்துக்குரல். "பதினேழு கிலோ. சாக்குக் கழிவு ஒன்று. மீதி பதினாறு."

பதினேழு என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு சேவலும் கூவியது. லயத்தில் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு எண்களைப் பதிந்தபோது உள்ளே நுழைந்த சேவல் அது. எவ்வளவு முயன்றும் என்னால் அதை வெளியேற்ற முடியவில்லை. வரிசை முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்போடு ராகுகாலமும் போய்விட்டது. அடுத்த மூட்டை தானாக வந்து ஏறியது. கழிவு எவ்வளவு என்பதை முதல்முறையாக எல்லோரும் காதால் கேட்டார்கள். "இவ்வளவு தான் கழிவா? போன கிழம வேற சொன்னாங்களே," என்று ஒரு குரல் பின்னாலிருந்து வந்தது. தராசடிக்காரர் கூரையைப் பார்த்தார்.

துரைக்கும் பிடித்திருந்தது என்று தெரிந்தது. கையேட்டை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "ஹரி, ஹரி," என்று சிங்களத்தில் சரி சொல்லித் தலையாட்டினார். இன்னும் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. அந்த வார்த்தைக்காக அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த நேரம் பார்த்து மார்கிரட் அக்கா சுவரைப் பார்த்தார்.

"கிளாக்கர் ஐயா, அந்த மணி என்ன காட்டுது?"

சுவரில் பத்து மணி கூட ஆகவில்லை.

"தொரை பிந்துனா செவுத்து மணியத் திருப்புறது வழக்கம்னு சொன்னீங்களே, வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். சோத்துக்கு எந்த மணி ஐயா?"

"தோட்டத்து மணி தான் மணி," என்றார் துரை, பழக்க தோசத்தில்.

"அதத்தான் கேக்குறேன் சார். எல்லாக் கையிலயும் போன் இருக்கு. போன்ல பன்னெண்டுன்னா கங்காணி ஒத்துக்க மாட்டாரு. மடுவத்து மணி பன்னெண்டு அடிச்சாத்தான் சோறுங்குறாரு. அப்ப ஐயா பூச போட்ட நாளெல்லாம் நாங்க பட்டினியாத்தான் மலையில நின்னோமா?"

ஐயாவின் முகம் விழுந்துவிட்டது. "நான் அத நெனைச்சே பாக்கலியே மார்கிரட்," என்றார். பொய் சொல்லவில்லை அவர். முள்ளைப் பின்னால் தள்ளும்போது அவர் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் விளக்கும் கற்பூரமும்தான். மலையில் நின்றவர்களின் வயிறு தெரியவில்லை. எனக்கு மட்டும் தெரிந்ததா என்ன? என் அம்மாவும் அதே மலையில்தான் நின்றிருப்பார்.

மார்கிரட் அக்கா தன் காலி சாக்கை மடித்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். "கொழுந்து சொல்ற மிசின் மணியும் சொல்லட்டும். மொதல்ல மணி, பொறவு மூட்டை."

துரை என்னைப் பார்த்தார். "அதெல்லாம் ஒடனே முடியாதில்லியா?" முடியாது என்று சொல், பிழைத்துப் போகலாம் என்று அவர் கண் சொன்னது.

"முடியும் சார்," என்றேன். எனக்கே அலுப்பாக இருந்தது, என்ன வாய் இது.

உண்மையில் சின்ன வேலைதான். எண்களை எல்லாம் ஏற்கெனவே பதிந்தாயிற்று. மணி, நிமிடம் என்று இரண்டு சொல் போதும். அதற்கு மணிக்குரல் என்று பெயர் வைத்து ஒரு குட்டிப் பொதி கட்டினேன். கொழுந்துக்குரலையும் ஒன்று புள்ளி ஒன்றாம் பதிப்பாக உயர்த்தி, அதன் முகப்பில் புதிதாக ஒரு வரி சேர்த்தேன். கையொப்பமிட்டேன். துரை வெளியே போய் வரப் பிந்தும் என்று ஹட்டனுக்குச் சொல்லியனுப்பிவிட்டு வந்தார். ஐயா யாரும் சொல்லாமலே முக்காலி மேல் ஏறிச் சுவர்க் கடிகாரத்தைத் தன் கைபேசியோடு ஒப்பிட்டுச் சரியாக்கினார். அதில் பன்னிரண்டு தாண்டியதைக் கண்டதும் அவருக்குப் பழைய உற்சாகம் திரும்பிவிட்டது.

"ராகுகாலம் முடிஞ்சிருச்சு! இத நான் அமுக்குறேன் புள்ள." விபூதி பூசிக்கொண்டு வந்து எண்டரைத் தொட்டார்.

"வணக்கம்," என்றது ஒலிபெருக்கி. "மணி பன்னிரண்டு, பத்து நிமிடம்."

மார்கிரட் அக்கா எழுந்து சேலையைத் தட்டிவிட்டார். "கேட்டுச்சா? சோத்து மணி தாண்டிப் பத்து நிமிசம். ஒரு மணிக்கு வாறோம் சார்." மற்றவர்களும் எழுந்தார்கள். நிறுத்தது பாதி, நிறுக்காதது பாதி என்று மூட்டைகள் கிடந்தபடி கிடந்தன. பெண்கள் பேசிச் சிரித்துக்கொண்டு லயத்துக்குப் போய்விட்டார்கள். தராசடிக்காரரும் சோற்றுக்கு நழுவினார். கொழுந்து லொறியின் டிரைவர் கதவைத் திறந்துகொண்டு காலை நீட்டினார்.

மடுவத்தில் துரை, ஐயா, நான், ஒரு மாலை போட்ட கணினி. அவ்வளவுதான் மிச்சம்.

துரை நெற்றியைத் தடவினார். "நிலக்ஷி, வேல நல்லா இருக்கு. வேல ஒனக்குத்தான், எல்லா டிவிஷனுக்கும். ஆனா அந்த மணி சொல்றது வேணாம். கொழுந்து மட்டும் போதும். மணியக் கழட்டிரு."

ஒரு வரியில் கழற்றலாம் என்று பெருமை பேசியவள் நான்தான். காலையிலிருந்து நான் கேட்கக் காத்திருந்த வார்த்தையை அவர் சொல்லிவிட்டார். மணிக்குரலை நீக்கச் சொல்லி ஒரு வரி அடித்தேன். கணினி பதில் எழுதியது. நான் திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

"என்ன சொல்லுது?"

"மணிக்குரல நீக்கினா கொழுந்துக்குரலும் சேந்து போயிரும்னு சொல்லுது சார். இது இருந்தாத்தான் அது ஓடும்னு பொதியில எழுதியிருக்கேன்."

"நீயா எழுதின?"

"ஆமா சார். நான் தான் பொறுப்பாளர்."

"பிரிக்க முடியாதா?"

"நான் பிரிக்கமாட்டேன் சார்." திங்கட்கிழமை பஸ் கண்ணுக்கு முன்னால் நின்றது, அதன் கதவும் திறந்திருந்தது. "தொடரட்டுமான்னு கேக்குது. ஆமான்னா ஒய், இல்லன்னா என். நீங்களே அமுக்குங்க."

துரை விசைப்பலகையைப் பார்த்தார். மூட்டைகளைப் பார்த்தார். லயத்துப் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. யாரோ சேவலைப் போலக் கூவிக்காட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் விரல் ஒய்க்கு மேலே போனது.

"தொரே," என்றார் கணேசமூர்த்தி ஐயா தாழ்ந்த குரலில். "நீங்க எத அமுக்கினாலும் சரிங்க. செவுத்து மணிய இனிமே நான் தொடமாட்டேன்."

விரல் அங்கேயே நின்றது. பிறகு விசைப்பலகையின் மறுபக்கம் போய் என்-ஐ அழுத்தியது. கைவிடப்பட்டது என்று ஒரு வரி காட்டிவிட்டுக் கணினி அமைதியானது. எதுவும் நீங்கவில்லை.

துரை கையேட்டை ஒரு மூட்டையின் மேல் போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்தார். "திங்கக்கிழம மேல் டிவிஷன் மடுவத்துக்கு வந்துரு," என்றார் என்னைப் பார்க்காமல்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த இடத்தில் நன்றி சார் என்று மட்டும் சொல்லியிருக்க வேண்டும்.

"எத்தன மணிக்கு சார்?" என்று கேட்டேன்.